செவ்வாய்க்கிழமை பற்றிப் பேசக்கூடாது

மார்ச் 3

அன்பு மகளே,

உன் கடிதம் வந்தது. ஒன்பது நாள் பயணம் செய்து வரும் கடிதத்தை நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளிலா எழுதுவது? ஓரமெல்லாம் பிசிறு. எங்கள் கான்வென்ட்டில் இப்படி எழுதிக் கொடுத்தால் சிஸ்டர் கையால் தொட மாட்டார்கள். பென்சில் நுனியால் திருப்பித் தள்ளுவார்கள். நான் தொட்டேன், நான்கு முறை படித்தேன். ஆனாலும் அடுத்த முறைக்கு நல்ல தாள் வாங்கு.

நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. திரை என் தொழிலுக்கு, தாள் என் மகளுக்கு என்று நான் வைத்திருக்கும் ஏற்பாட்டை நீ எவ்வளவு கிண்டல் செய்தாலும் மாற்றப்போவதில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் பத்து நிமிடம், அது என் பேத்தி பட்டாணிக்கு மட்டும். அவளுக்கு நான்கு வயதுதான், இன்னும் படிக்கத் தெரியாது என்பதற்காகக் கொடுத்த சலுகை.

வேலை நடக்கிறது. இந்த மாதம் நான்கு குடும்பங்கள். புதிதாக வந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், மூன்று வயது. லேப்டாப்பை மேசை மேல் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு உச்சந்தலைகள். "தரையில வைங்க, நான் பிள்ளைங்க உயரத்துக்கு வரணும்" என்றேன். "அப்ப நீங்களும் தரையிலதான் உக்காந்திருக்கீங்களா டாக்டரம்மா?" என்று தகப்பன் கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று ஐந்தாவது முறையாகச் சொல்லிவிட்டு, "உக்கார்றது சுலபம். எழுந்திரிக்கத்தான் ஆள் வேணும்" என்றேன். சிரித்துவிட்டார். குழந்தைகளைப் பற்றி ஆலோசனை கேட்டு வருகிற வீட்டில் முதலில் சிரிக்க வேண்டியவர் தகப்பன். அது நடந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அவர்களிடம் கோப்பை விதியைச் சொன்னேன். உனக்கு இதைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் தொழில் பேசுவது அப்பாவுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு நீலக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கக்கூடாத ஆள் யாராவது அறைக்குள் வந்தால் அதைக் கேமராவுக்கு முன்னால் நகர்த்திவிட வேண்டும். நான் அந்த நொடியே பேச்சை மாற்றி, ஒண்ணு ரெண்டு மூணு என்று விரலை எண்ண ஆரம்பித்துவிடுவேன். வந்தவர் கண்ணுக்கு நான் யாரோ பாட்டு டீச்சர். ஒருமுறை ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். மாமியாரே காபியோடு உள்ளே வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்த அன்று கண்டுபிடித்த விதி இது.

இதைத் தொழிலாக நான் சொல்லிக்கொடுத்தது உலகத்தில் ஒரே ஒருத்திக்கு. யாரென்று உனக்குத் தெரியும். சுருட்டை. ஆறு வருடம் என்னிடம் பயிற்சி எடுத்தாள். அவள் பேசிய ஒவ்வொரு அமர்வின் பதிவையும் நான் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். போன நவம்பரில் மூன்று வரிக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். "சொந்தக் காரணம்." காரணத்தைக் கூடச் சொல்ல முடியாத அளவுக்கு நான் அவளுக்கு என்ன செய்தேன்? அப்பா தவறிய வருடத்தில் எனக்குச் சோறு ஊட்டாத குறையாகக் கூட இருந்தவள். உன்னோடும் அவள் ஒட்டுதலாகத்தானே இருந்தாள், உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

கடைசியாக முக்கியமான விஷயம். அப்பா போனபோது நீ கேட்டாய்: "வாங்கம்மா, எங்களோடயே இருந்துடுங்க." நான்தான் மாட்டேன் என்றேன். இப்போது வருகிறேன் என்கிறேன். ஜூன் மாதம், பட்டாணிக்குப் பள்ளி விடுமுறை ஆரம்பிக்கும்போது. நீ கேட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. என் மகள் சொன்ன சொல் பழசாகியிருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

என்றும் உன்
அம்மா

பி.கு.: செவ்வாய் மாலை உன்னைப் போனில் பிடிக்கவே முடிவதில்லை. அப்படி என்ன அலுவலகக் கூட்டம் அது, வாரா வாரம்?


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தத் தாளைத் தடவிப் பாருங்கள். கடையில் இருந்ததிலேயே தடிமனானது. சிஸ்டர் உயிரோடு வந்தாலும் இதைத் தொடுவார்கள்.

முதலில் நல்ல செய்தி. பட்டாணி பள்ளியில் பேச ஆரம்பித்துவிட்டாள்! செப்டம்பரிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. முதல் வார்த்தை என்ன தெரியுமா? பக்கத்துப் பையன் இவள் கலர் பென்சிலை எடுத்தானாம். "ஏய், அது என்னோடது!" என்று கத்தியிருக்கிறாள். சண்டை போட்டதற்காக டீச்சர் ஓடிவந்து கட்டிப்பிடித்தது அந்த வகுப்பில் இதுதான் முதல் தடவையாம். வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டினாள், டீச்சர் அழுததையும் சேர்த்து.

அக்டோபரில் நீங்கள் நான்கு பக்கம் ஆலோசனை எழுதியிருந்தீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் கடைசியில் தானாகவே சரியாகிவிட்டது அம்மா.

கோப்பைக் கதை படித்தேன். அந்த மாமியாரை நினைத்துச் சிரித்தேன். சுருட்டை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஏதாவது நியாயமான காரணம் இருக்கும், விடுங்கள். நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் கால் வீக்கம் திரும்ப வந்துவிடும்.

ஜூன் பற்றி இவரிடம் பேச வேண்டும். வீடு உங்களுக்குத் தெரியும், இரண்டே அறை. இப்போதே முடிவாக எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாமே. எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் மேலாளருக்குப் பேசுவதற்கு வேறு நாளே கிடைக்காது. என்ன செய்ய.

அன்புடன்
உங்கள் மகள்


மார்ச் 27

அன்பு மகளே,

தாள் நன்றாக இருக்கிறது. கையெழுத்து சாய்கிறது. எழுதும்போது நிமிர்ந்து உட்கார்.

"ஏய், அது என்னோடது!" இதை நான் பெரிதாக எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இரட்டைப் பிள்ளைகளின் தாய் திரையில் பார்த்துவிட்டு, "அது என்னங்க?" என்றாள். "என் பேத்தி பேசின பேச்சு" என்றேன். தொழில் நேரத்தில் நான் சொந்த விஷயம் பேசியது முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஆனால் தானாகச் சரியாகிவிட்டது என்கிறாயே, அதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் மட்டும் பேசி வெளியில் வாயைத் திறக்காத பிள்ளை ஆறு மாதத்தில் தானாகத் திரும்புவதில்லை. யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். யாரென்று நான் கண்டுபிடித்துவிட்டேன். போன ஞாயிறு பட்டாணி கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ பின்னால் தரையில் உட்கார்ந்து, "சிவப்பு மேல மஞ்சள் வைக்கிற… மெதுவா வைக்கிற… நின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஒரு கேள்வி இல்லை, ஒரு கட்டளை இல்லை. ஐந்து நிமிடம்! பெற்றவர்களுக்கு நான் காதில் இயர்போன் மாட்டவைத்து, "கேக்காதீங்க, சொல்லுங்க, ஏவாதீங்க, பாருங்க" என்று வாரக்கணக்கில் ஓதினால்தான் வருகிற பழக்கம் அது. உனக்கு யாரும் ஓதவில்லை. என்னைப் பார்த்தே வளர்ந்தவள், தானாக வந்திருக்கிறது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. பட்டாணி நகர்ந்தபோது திரை ஓரத்தில் ஒரு நீலக் கோப்பை தெரிந்தது. என் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாயா? அசடே. அன்று வீடியோ அழைப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் காரணமில்லை.

ஜூன் வேலைகளை ஆரம்பித்துவிட்டேன். ஒரு பெட்டி கட்டியாயிற்று. மூன்று குடும்பங்களிடம் ஜூனோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன், "எழுந்திரிக்க ஆள் கிடைச்சிட்டாங்களா டாக்டரம்மா?" என்றார். "ஆமா, என் மகள்" என்றேன். இரண்டு அறை போதும். நான் பட்டாணியோடு படுத்துக்கொள்கிறேன். நான் குறட்டை விடுவதில்லை. அப்பா சொன்னதெல்லாம் அவதூறு.

சுருட்டைக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் குடும்பங்களை ஏற்றுக்கொள்கிறாயா என்று. பதில் இல்லை.

என்றும் உன்
அம்மா


ஏப்ரல் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பட்டாணிக்கு இரண்டு நாளாக ஜுரம், இப்போது பரவாயில்லை. எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்கிறாள்.

தயவுசெய்து குடும்பங்களிடம் இன்னும் எதுவும் சொல்லாதீர்கள். சொன்னவர்களிடமும் முடிவாகவில்லை என்று சொல்லிவையுங்கள். ஜூன் சரிவராது போலிருக்கிறது. விவரமாக எழுதுகிறேன்.

ஆமாம் அம்மா, அந்த நீலக் கப் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வாங்கியதுதான், உங்கள் ஞாபகமாக.

அன்புடன்
உங்கள் மகள்


ஏப்ரல் 20, ஞாயிறு

மகளுக்கு,

இன்று நான் பத்து நிமிடம் முன்னதாக அழைத்தேன். ஒரு நாளும் நேரம் தப்பாதவள். மாலையில் வரவேண்டிய குடும்பம் வரவில்லை. லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பேத்தி முகத்தைப் பத்து நிமிடம் கூடுதலாகப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். தப்பு அவ்வளவுதான்.

பட்டாணி எடுத்தாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய் போல. என்னைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. "பாட்டி, இரு இரு. இன்னும் கப் வைக்கல" என்றாள். ஓடினாள். இரண்டு கையாலும் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து சரியாகக் கேமராவுக்கு முன்னால் வைத்தாள். எனக்கு அவள் முகம் பாதிதான் தெரிந்தது, மீதி நீலம்.

"ம், இப்ப பேசு" என்றாள்.

"கப் எதுக்கு கண்ணு?" என்றேன்.

"கப் இருந்தா செவ்வாக்கிழமை பத்திப் பேசக்கூடாது."

"செவ்வாக்கிழமை என்ன?"

அவளுக்கு ஒரே குஷி. விளையாட்டில் என்னைத் தோற்கடித்துவிட்டாள் அல்லவா. கையைத் தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று விரலை எண்ணினாள். ஐந்து வரைக்கும் எண்ணினாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது நீ ஈரத் தலையோடு ஓடிவந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். காபியோடு மாமியார் உள்ளே வந்தபோது அந்தப் பெண்ணுக்கு இருந்த அதே முகம். அன்றைக்கு நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். இன்றைக்கு நான் அந்த மாமியார். "நெட் சரியில்லம்மா" என்று நீ அணைத்துவிட்டாய். நெட் நன்றாகவே இருந்தது.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்க என்ன இருக்கிறது? கோப்பையையும் விரலையும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். நவம்பரில் ஒருத்தி காரணம் சொல்லாமல் போகிறாள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை உனக்குக் கூட்டம். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை மார்ச்சில் பேசுகிறாள். கேள்வி கேட்காமல் கட்டளை போடாமல் நீ தரையில் உட்கார்ந்திருக்கிறாய். இத்தனையையும் பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன்? என்னைப் பார்த்து வளர்ந்தவள் என்று நினைத்தேன். மற்றவர்கள் வீட்டில் சுவரில் நிழல் அசைந்தால் கூட என்ன என்று சொல்லிவிடுவேன். என் மகள் வீட்டில் எனக்குக் கண் தெரியவில்லை.

நீ உதவி தேடியது தப்பில்லை. என்னிடம் வராததைக் கூட விழுங்கிவிடுவேன். என் சுருட்டையை எடுத்துக்கொண்டாய், அவள் போனதற்கு நான் அழுதபோது "நியாயமான காரணம் இருக்கும்" என்று எழுதினாய். பிறகு "உங்கள் ஞாபகமாக" என்று எழுதினாய். நான் அந்த வரியை நாள் முழுக்க மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைக்குப் போகும்போதும் வரும்போதும்.

அம்மா


ஏப்ரல் 20, மாலை

அம்மா,

டேப்லெட்டை அணைத்துவிட்டு உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வரும்வரை காத்திருந்தால் இதை எழுதும் தைரியம் போய்விடும்.

செப்டம்பரில் ஒரு நாள். அலுவலகத்தில் மோசமான வாரம். பட்டாணி என் லேப்டாப் மேல் பாலைக் கொட்டிவிட்டு, "நான் இல்ல, பொம்மைதான் கொட்டுச்சு" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், குளிப்பாட்டினேன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். "பொம்மை சாரி சொல்லுதும்மா. அம்மா, பொம்மை சாரி சொல்லுது." பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். மறுநாள் பள்ளியில் வாயைத் திறக்கவில்லை.

அந்த அமைதி எனக்குப் பழக்கமானது அம்மா. எனக்கு எட்டு வயது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்றில் விழுந்தது என்று பொய் சொன்னேன். "பொய் சொன்னவளோட எனக்குப் பேச்சில்லை" என்று சொன்னீர்கள். இருபத்தொரு நாள். நான் காலண்டரில் கட்டம் போட்டேன். நாம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா நடுவில், "உங்கம்மா தண்ணி வேணுமான்னு கேக்கறா" என்பார். நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாவம், அவர்தான் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் முதல் கேள்வியே "வீட்டில் என்ன நடந்தது?" நான் "ஒன்றும் நடக்கவில்லை" என்று பதில் எழுதினேன். வேறு என்ன எழுதுவது? நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன் என்றா? எழுதியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சை நிறுத்தியிருப்பீர்கள்.

நான்தான் சுருட்டையைத் தேடிப் போனேன். உங்கள் முறைதான் எனக்கு வேண்டியிருந்தது. அது நல்ல முறை, அம்மா. உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. அவள் இரண்டு முறை மாட்டேன் என்றாள். "உங்க குடும்பத்தோட பதிவை அம்மா பார்க்கக்கூடாது. அம்மாகிட்ட இருந்துக்கிட்டு நான் அதை மறைக்கவும் மாட்டேன். அவங்களை விட்டு வந்தாத்தான் முடியும்" என்றாள். வந்தாள். முதல் செவ்வாய்க்கிழமை திரையில் வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை.

கோப்பையை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தது என் யோசனை, அவளுடையது இல்லை. பட்டாணி உங்களிடம் உளறிவிடுவாளோ என்ற பயம். "உங்கள் ஞாபகமாக" என்று எழுதியது பொய். அதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை.

ஜூனில் வரவேண்டாம் அம்மா. வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம். அவள் பேச ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது. எனக்கும் அப்படித்தான்.

திட்டி எழுதுங்கள். பிசிறு, கையெழுத்து, எதைப் பற்றியாவது எழுதுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்


மே 18, ஞாயிறு

அம்மா,

உங்கள் ஏப்ரல் 20 கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, காலையில கூட எங்க வீட்டு ஆடுற கேட்டைச் சரி பண்ணச் சொல்லி அதட்டிட்டுப் போனாங்க" என்றார். அதுவரை சந்தோஷம்.

நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. பட்டாணி ஐந்து மணிக்கு டேப்லெட் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இன்றைக்கு அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் பாத்திரங்களுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். "கப்பை எடுத்துட்டேன். இப்ப பாட்டி வருவாங்களா?" என்றாள்.

என்மேல் கோபமாக இருங்கள். அவள் என்ன செய்தாள்?

உங்கள் மகள்


மே 29

மகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவது ஏப்ரல் 29 அன்று. இன்று மே 29. முப்பது நாள். எண்ணினேன்.

உன் எட்டு வயதில் நான் எண்ணவில்லை. பத்து நாள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவும் ஒரு நாளும் கணக்குச் சொன்னதில்லை. நீ கட்டம் போட்டிருக்கிறாய். இந்த முறை உன்னைப் போலவே நானும் காலண்டரில் கட்டம் போட்டேன். பழிவாங்கத்தான் ஆரம்பித்தேன், அதை மறைக்கமாட்டேன். இருபத்தொன்றாவது கட்டத்தைப் போட்டபோது இந்த வீட்டில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜ் எப்போது ஓடும், எப்போது நிற்கும். எனக்கு எழுபத்தொரு வயது. உனக்கு அன்று எட்டு. அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மற்ற வீடுகளுக்குப் போய், பிள்ளையோடு பேசாமல் இருக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவளுக்கு.

இதை எழுதிவிட்டேன். இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. "அம்மா, இதை உங்களிடம் பேச முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் கொதித்திருப்பேன், ஆனால் ஏமாந்திருக்கமாட்டேன். நமக்குள் மட்டும் என்று நான் வைத்திருந்த ஒரே இடமான கடிதத்தில் பொய்யை எழுதி, நல்ல தாளில் எழுதி, அனுப்பினாய். அந்த "உங்கள் ஞாபகமாக" வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். திரும்ப எடுத்துக்கொள். பின்பக்கம் நீ ஏதோ அடித்து எழுதியிருந்தாய், அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. மற்ற கடிதங்கள் முழுதாக இருக்கின்றன.

சுருட்டையிடம் சொல்: அவள் செய்தது சரி. என்னிடம் ஒரு வார்த்தை உளறியிருந்தால் அவளுக்கு நான் பூஜ்யம் போட்டிருப்பேன். நூற்றுக்கு நூறு போடுகிறேன். அவளோடு பேசச் சொல்லாதே.

ஜூனில் வரவில்லை. பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். மூன்று குடும்பங்களிடமும் தொடர்கிறேன் என்று சொன்னேன். "அப்ப எழுந்திரிக்க ஆள்?" என்று இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் கேட்டார். "நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சுக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நேற்று புதிதாக ஒரு குடும்பம் வந்தது. வழக்கம்போலக் கோப்பை விதியைச் சொன்னேன். அந்தத் தாய் சின்னப் பெண், உன் வயதுகூட இல்லை. "எங்க வீட்ல நாங்க மூணு பேர்தானேம்மா. கப் யாருக்காக?" என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உன் வீட்டில் அது எனக்காக என்பதுதான் மனதில் வந்தது. கையைத் தூக்கி விரலை எண்ண ஆரம்பித்துவிட்டேன். குழந்தை சிரித்தது. அந்தத் தாயும் எண்ணினாள். நானும் கூடவே எண்ணி முடித்தேன்.

வரும் ஞாயிறுகளில் ஐந்து மணிக்கு நான் அழைப்பேன். முன்னதாக அல்ல. பத்து நிமிடம், பட்டாணிக்கு. அந்தக் கோப்பையைப் பாத்திரங்களுக்கு அடியிலிருந்து எடுத்து, நான் பார்க்கும் இடத்தில் வைக்கச் சொல். ஓரத்தில் மறைக்க வேண்டாம். அது யாருக்காக என்று அவளிடம் மறைக்கவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்கு உரியது. நான் அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். வெளியாள் வந்தால் பேச்சை எப்படி மாற்றுவது என்று அந்த விதியை எழுதியவளுக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். தாளை அவளிடம் கொடு, படம் வரையட்டும்.

பட்டாணியின்
பாட்டி